தரைக்குக் கீழே போன கார் ஷெட்

நிலத்தைத் தோண்டி அதற்குள் அறை கட்டிக்கொள்ளும் சம்பிரதாயம் வடசென்னையின் சாமான்யக் குடும்பங்களில் கிடையாது. கடலை ஒட்டிய இந்த மணற்பாங்கான பூமியில் சற்று ஆழமாகக் கடப்பாறையை இறக்கினாலே தண்ணீர் முகம் காட்டிவிடும் என்பதை அறிந்த நம் முன்னோர்கள், வீட்டைப் பூமிக்குள் இறக்குவதற்குப் பதிலாகப் பேஸ்மட்டத்தை உயர்த்தி, நாலு படி வைத்து, திண்ணை போட்டுத்தான் கட்டினார்கள். ஆயினும் இன்று ராயபுரம் கல்மண்டபத்திலிருந்து தண்டையார்பேட்டை, காலடிப்பேட்டை வழியாகத் திருவொற்றியூர் வரை நடந்து பாருங்கள்; தெருவிலிருந்து உள்ளே இறங்கிப் போக வேண்டிய வாசல்களும், பாதி ஜன்னல் வரை சாலை வந்து நிற்கும் முன்னறைகளும் கணக்கில்லாமல் தென்படும். அவற்றை யாரும் தோண்டிக் கட்டவில்லை. வீடு இருந்த இடத்திலேயே இருக்க, சாலை மட்டும் தார் மேல் தாராக, ஜல்லி மேல் ஜல்லியாக வளர்ந்துகொண்டே வந்ததன் பயன் அது.

எங்கள் தெருவில் இரும்பு கேட்டுகளைப் பார்த்தாலே இந்தச் சரித்திரம் விளங்கிவிடும். ஒவ்வொரு முறை சாலை போட்டு முடித்ததும் கேட் திறக்க முடியாமல் போக, வெல்டிங் கடைக்காரரை அழைத்து வந்து அடிப்பாகத்தை அறுப்பார்கள். அறுத்த இடத்தில் மட்டும் வேறு வர்ணத்தில் பட்டை தெரியும். 2021-ஆம் ஆண்டு அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அவர்கள், பழைய தார்ப் பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு முன்பிருந்த மட்டத்திலேயே புதிய சாலையைப் போட வேண்டும் என்று அதிகாரிகளுக்கு எழுதியதற்குப் பிறகு, மில்லிங் இயந்திரம் வந்து தாரைக் கரண்டி எடுக்கும் காட்சியைச் சில தெருக்களில் காண்கிறோம். நல்லதுதான். ஆனால் அதற்கு முன்பே முழங்கால் அளவுக்கு உயர்ந்துவிட்ட தெருவை யாரும் கீழே இறக்கித் தரப்போவதில்லையாகையால், உள்ளே இருப்பவர்கள் தங்கள் சுவரைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதாக இருக்கிறது.

எங்கள் வீட்டில் இந்தப் பிரச்சினைக்கு ஆளானது, என் தந்தையார் தம் பழைய ஃபியட் வண்டிக்காகத் தெருவோரத்தில் கட்டிய கார் ஷெட். வண்டி போய் வெகு காலமாகிவிட்டது. உடைந்த நாற்காலிகளும் பழைய பத்திரிகைகளும் அடைந்து கிடந்த அந்த இடத்தைத் தனக்குப் படிப்பறையாக மாற்றித் தர வேண்டும் என்று போட்டித் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கும் என் தம்பி மகள் கேட்டாள். கேட்டதோடு நில்லாமல் ஏ.ஸி.யும் வேண்டும் என்றாள். இப்படிக் கார் ஷெட்டை அறையாக மாற்றுகிறவர்கள் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நமது தேசியக் கட்டட விதித் தொகுப்பு, குடியிருக்கும் கட்டடத்தின் பேஸ்மட்டம் சுற்றுத் தரையிலிருந்து குறைந்தது 450 மில்லிமீட்டர், அதாவது ஒன்றரை அடி, உயர்ந்திருக்க வேண்டும் என்கிறது; கார் நிறுத்துமிடத்துக்கோ 150 மில்லிமீட்டர், வெறும் அரையடி, போதும் என்று விட்டுவிடுகிறது. ஆகவே ஷெட்டானது பிறக்கும்போதே வீட்டைவிட ஓரடி தாழ்ந்துதான் பிறக்கிறது. சாலை உயர்ந்தால் முதலில் மூழ்குவது அதுவே. எங்கள் ஷெட்டின் தெருப்பக்கச் சுவர் இப்போது இரண்டரை அடி மண்ணுக்குள் இருக்கிறது.

ஓதம் எப்படி ஏறுகிறது என்பதை விளக்க அதிகப் பிரயாசை வேண்டாம். விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போலவே செங்கல்லும் காரையும் தம் நுண்ணிய துவாரங்களின் வழியே மண்ணின் ஈரத்தை மேலே இழுத்துக்கொள்கின்றன. இதைத் தடுப்பதற்காகவே பேஸ்மட்ட உயரத்தில் கொத்தனார்கள் டி.பி.சி. என்ற ஈரத்தடுப்புப் படலம் ஒன்றைப் போடுகிறார்கள். அதற்கு மேலே செங்கல் காய்ந்திருக்கும். ஆனால் வெளித்தரை அந்தப் படலத்தையும் தாண்டி உயர்ந்துவிட்டால், ஈரம் கீழிருந்து ஏற வேண்டிய அவசியமே இல்லாமல் பக்கவாட்டிலிருந்தே சுவருக்குள் புகுந்துவிடுகிறது. படலம் இருந்தும் பிரயோஜனமில்லை. இது நமக்கு மட்டும் நேர்ந்த விதியென்று எண்ண வேண்டாம். இத்தாலியின் வெனிஸ் நகரத்தார் தங்கள் மாளிகைகளின் அடிவரிசையில் ஈரத்தை எளிதில் விடாத இஸ்திரியாக் கல்லை வைத்து, அதற்கு மேல்தான் செங்கல் வேலையைத் தொடங்கினார்கள். பல நூற்றாண்டு காலம் அது காப்பாற்றியும் கொடுத்தது. பிற்காலத்தில் நகரம் தாழ்ந்து, கடல் உயர்ந்து, உப்பு நீர் அந்தக் கல் வரிசையைத் தாண்டிச் செங்கல்லைத் தொட்டபோது, சுவர்கள் பொரியத் தொடங்கின. அங்கே உயர்ந்தது கடல், இங்கே உயர்ந்தது தார்.

கடலைச் சொன்னதும் உப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏனெனில் நம் பகுதியின் ஓதத்துக்கும், உதாரணமாகக் கோயம்புத்தூரின் ஓதத்துக்கும் உள்ள வித்தியாசமே அதில்தான் இருக்கிறது. 1870-களில் சென்னைத் துறைமுகத்தைக் கட்டத் தொடங்கியது முதல், கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் துறைமுகச் சுவரில் தடைபட்டுத் தெற்கே குவிந்தது; மெரினா அகன்றது. வடக்கே, மணல் வரத்து நின்றுபோன ராயபுரம், திருவொற்றியூர்க் கரைகளைக் கடல் அரித்து உள்ளே வந்தது. இன்றைக்கும் எண்ணூர் நெடுஞ்சாலையின் ஓரத்தில் குவிந்து கிடக்கும் கருங்கற்கள் அந்தப் பழைய கணக்கின் பாக்கிதான். தெற்கே அவர்களுக்கு உலாவ மணல், நமக்கு அலையைத் தடுக்கக் கல்! கடல் அருகில் வந்தால் நிலத்தடி நீரும் உவர்ப்பது இயல்பு. அந்த உவர் நீரைப் போர் பைப்பில் இறைத்தே கலவை குழைத்துச் சுவர் எழுப்பியிருந்தால் உப்பு சுவருக்குள் முதல் நாளே குடியேறிவிட்டது என்று அர்த்தம். போதாக்குறைக்குக் கடற்காற்று வேறு.

சாதாரண உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் அது தானாகவே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரைந்துபோகும். அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி படிகமாக உறையும். கடற்கரையில் இரவிலும் விடியற்காலையிலும் 75-ஐத் தாண்டுவது சர்வசாதாரணம், நண்பகலில் வெயிலேறியதும் இறங்குவதும் அப்படியே. ஆகவே உப்பேறிய சுவர், ஒரு துளி மழை பெய்யாத மே மாதத்திலும் காலையில் நனைந்து மதியம் காய்கிறது. ஒவ்வொரு தடவை காயும்போதும் துவாரங்களுக்குள் படிகங்கள் வளர்ந்து, பூச்சை உள்ளிருந்தே நெம்பித் தள்ளுகின்றன. சுவரில் கையை வைத்தால் எமல்ஷன் வர்ணம் பொருக்குப் பொருக்காக உதிர்வதும், அதன் பின்னே விரலில் ஒட்டும் வெள்ளைப் பொடி இருப்பதும் இதனால்தான். அதை நாக்கில் வைத்தவர்கள் நம் தெருவில் பலர் உண்டு. கரிக்கும்.

எங்கள் பெண்ணுக்கு வருவோம். அவள் ஒரு நாள் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வந்து, கனடாவில் ஒருவர் தம் வீட்டின் நிலவறைச் சுவரில் நுரைப் பலகைகளை ஒட்டி, பிளாஸ்டிக் தாளால் மூடி, அதன் மேல் ஜிப்சம் பலகை அடித்து அழகான அறை செய்துவிடும் காட்சியைக் காட்டினாள். “பெரியப்பா, மூணே நாள் வேலை. செவுத்தையே உடைக்க வேணாம் பாருங்க.” வேலை சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஊரின் நியாயம் வேறு. அங்கே வெளியே குளிர், உள்ளே உஷ்ணம். அறைக்குள் இருக்கும் வெதுவெதுப்பான காற்றின் நீராவி வெளியே போகும் வழியில் குளிர்ந்த சுவரில் பட்டு நீராக மாறிவிடக் கூடாதென்பதற்காக, வெப்பமான பக்கமாகிய உட்புறத்தில் பிளாஸ்டிக் தாளை விரிக்கிறார்கள். நம் ஊரில் வெப்பமான பக்கம் வெளிப்பக்கம். காற்று 32 டிகிரியும் ஈரப்பதம் 70 சதவீதமும் இருக்கும் ஒரு சாதாரண நாளில், அந்தக் காற்று ஏறக்குறைய 26 டிகிரிக்குக் குளிர்ந்தாலே அதிலுள்ள நீர் பனியாகத் துளிர்த்துவிடும். ஏ.ஸி.யை 24-இல் வைத்துக்கொண்டு கதவைச் சாத்திப் படிக்கும் அறையில், உட்புறம் ஒட்டிய பிளாஸ்டிக் தாளோ வினைல் வால்பேப்பரோ அந்த உஷ்ணத்துக்கு வந்துவிடும். வெளியிலிருந்தும் ஈரச் சுவரிலிருந்தும் வரும் நீராவி அதன் முதுகில் பட்டுத் தண்ணீராக வழியும். முன்பக்கம் அலங்காரம், பின்பக்கம் கறுப்புப் பூஞ்சை. மூக்கில் நாற்றம் ஏறிய பிறகுதான் விஷயம் தெரியவரும்.

ஆகையால் என் அபிப்பிராயம், இந்தப் பகுதியில் தரைக்குக் கீழே போன சுவரை மூடுவதைப் பற்றி யோசிக்கும் முன் அதற்குத் தண்ணீர் வரும் வழியை நிறுத்த வேண்டும், பிறகு அது மூச்சுவிட்டுக் காய்வதற்கு இடம் கொடுக்க வேண்டும், வெப்பத்தடை என்பது அதற்கெல்லாம் அப்புறம்தான் என்பது. மேஸ்திரியும் அதையேதான் தம் பாஷையில் சொன்னார்: “செவுரு தண்ணி குட்ச்சிகினே இருக்கசொல்லோ மேல இன்னா அட்ச்சாலும் நிக்காது சார். மொதல்ல தண்ணி எங்கருந்து வர்துன்னு பாக்கணும்.”

எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதற்கு ஒரு சுலபமான பரீட்சை இருக்கிறது. பூச்சு ஓரளவு உறுதியாக உள்ள இடத்தைத் துடைத்துக் காயவைத்து, ஒரு முழம் சதுரத்துக்கு அலுமினியத் தாளை வைத்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாமல் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விட்டுவிடுங்கள். தாளின் வெளிமுகத்தில், அதாவது அறையைப் பார்த்த பக்கத்தில், நீர் கோத்திருந்தால் அது காற்றின் ஈரம். பிரித்துப் பார்க்கும்போது சுவரைத் தொட்ட பக்கம் நனைந்திருந்தால் சுவர் வழியே வரும் ஈரம். எங்கள் ஷெட்டில் தெருப்பக்கச் சுவரில் ஒட்டிய தாளின் உட்புறம் நனைந்து, டேப்பே வழுக்கிக் கீழே இறங்கியிருந்தது. பக்கச் சந்துச் சுவரிலோ அடியில் மட்டும் ஈரம். சந்தைத் தோண்டிப் பார்த்ததில் காரணம் அகப்பட்டது: 2003-இல் தமிழ்நாடு முழுவதும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது அவசரமாக வெட்டிய குழி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தது. மாடித் தண்ணீர் முழுவதையும் அஸ்திவாரத்தின் காலடியிலேயே கொண்டுபோய் ஊற்றிக்கொண்டிருந்தோம். திட்டம் உத்தமமானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குழியின் இடம்தான் கோளாறு. அதைத் தோட்டத்தின் கோடிக்கு மாற்றிய பிறகு, சந்துச் சுவர் வேறு சிகிச்சை எதுவுமின்றியே பெருமளவு காய்ந்தது.

சொந்த நிலத்தின் பக்கமுள்ள சுவரென்றால் வெளியிலிருந்து செய்யும் வேலையே சிலாக்கியம். சுவரை ஒட்டி ஒன்றரை அடி அகலத்துக்கு, ஒரே மூச்சில் முழு நீளமும் இல்லாமல் துண்டு துண்டாகத் தோண்டி (அஸ்திவாரத்தை ஒரேயடியாகத் திறந்து வைப்பது ஆபத்து), மண்ணைத் தட்டித் துலக்கி, பாலிமர் கலந்த சிமெண்டுப் பூச்சை இரண்டு கை கொடுத்து, அடியில் துளையிட்ட பி.வி.சி. குழாயைப் போட்டு, மேலே கழுவிய ஜல்லியை நிரப்பிவிட்டால், மழைநீர் சுவரைத் தொடுமுன்பே குழாய்க்குள் இறங்கிவிடும். அந்தக் குழாய் எங்கே போய்ச் சேர்வது? மலைப்பாங்கான ஊரில் தாழ்வான இடத்துக்கு ஓட்டிவிடலாம். நம் தெருவில் தாழ்வான இடமே நம் வீடுதான். ஆகவே ஒரு சிறு தொட்டி கட்டி, தானாக ஓடி நிற்கும் மோட்டார் ஒன்றை வைக்க வேண்டியிருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் கலந்த வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்து சுவர்களில் கறுப்புக் கோடு போட்டுவிட்டுப் போனதே, அப்படிப்பட்ட நாளில் எந்தக் குழாயும் எந்த மோட்டாரும் உதவப்போவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

தெருப்பக்கச் சுவரின் சங்கடம் வேறு. அதற்கு வெளியே உள்ளது மாநகராட்சியின் சாலை. நம் இஷ்டத்துக்குத் தோண்ட முடியாது. அங்கே உள்ளிருந்தே வைத்தியம் பார்க்க வேண்டும். பலர் செய்வது நாலடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டிவிடுவது. பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் வெளியேற வழியில்லாத ஈரம் டைல்ஸ் வரிசையின் பின்னாலேயே ஏறி, அதன் தலைக்கு மேல் பழுப்பு நிறத்தில் ஒரு ஓரம் கட்டும். அடர்த்தியான சிமெண்டுப் பூச்சும் பட்டியும் எமல்ஷனும் இதே காரியத்தைத்தான் செய்கின்றன. நாங்கள் பழைய பூச்சை ஓதக் கோட்டுக்கு மேலும் ஓரடி வரை கொத்தி எடுத்து, செங்கல் இடுக்குகளை அரை அங்குல ஆழத்துக்குக் கிளறி, பூத்த உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் மட்டும் தள்ளிக் கூட்டி வெளியே கொண்டுபோனோம். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடியும் உள்ளேயே போய்விடும் என்பதால், சித்தாள் அம்மாள் வாளியோடு வந்தபோதெல்லாம் தடுக்க வேண்டியிருந்தது. பிறகு கோடைகாலம் முழுவதும் மின்விசிறியை ஓடவிட்டுச் சும்மா இருந்தோம். இந்தச் சும்மா இருத்தல்தான் இவ்வேலையிலேயே கடினமான பகுதி.

அதன் பிறகு பூசியது சுண்ணாம்பு. பழவேற்காட்டு ஏரியின் கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பால் இந்த நகரம் கட்டப்பட்ட காலம் ஒன்றுண்டு; ராயபுரத்தின் பழைய வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் கூரையின் கீழே இன்றும் கையை வைத்தால் குளுமையாக இருக்கும் அந்தச் சுவர்கள், உப்புக் காற்றில் ஒரு நூற்றாண்டு நின்றவை. சுண்ணாம்பு ஈரத்தை அடைப்பதில்லை. அதை வெளியே விட்டுவிடுகிறது; படிகமாகும் உப்பையும் செங்கல்லுக்கு வராமல் தன் மேலேயே ஏற்றுக்கொண்டு, சில வருஷங்களில் தான் உதிர்ந்துவிடுகிறது. உதிர்ந்ததைச் சுரண்டிவிட்டு மறுபடி பூசலாம், செங்கல் பிழைத்திருக்கும். ஈரமுள்ள இடத்தில் வெறும் சுண்ணாம்பு இறுக நாளாகுமென்பதால் சுர்க்கி, அதாவது செங்கற்பொடி, சேர்ப்பது பழைய வழக்கம். அதன் மேல் வெள்ளையடிப்போடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பளபளப்புக்கு ஆசைப்பட்டு மேலே வர்ணம் பூசுகிறவர்கள் செய்த வேலையைத் தாங்களே அழிக்கிறார்கள்.

ஏ.ஸி. அறையாகவே வேண்டும் என்பவர்களுக்கு இதற்கும் மேலே ஒரு படி உண்டு. எங்கள் பெண்ணின் பிடிவாதத்தால் அதையும் செய்தோம். ஓதச் சுவரைத் தொடாமல் மூன்று அங்குலம் தள்ளி, தரையில் கான்கிரீட் திட்டு ஒன்று போட்டு, அதன் மேல் தார்ப்படலம் விரித்து, நாலு அங்குலத்தில் இரண்டாவது சுவர் எழுப்புவதுதான் அது. கல்லுக்கு நாம் வெகு தூரம் போக வேண்டியதில்லை. நம் பகுதி அனல் மின் நிலையங்களின் சாம்பல் நுரையீரலுக்குச் செய்யும் உபத்திரவத்துக்கு ஈடாக, சாம்பல் கல் என்ற அளவில் கொஞ்சம் உபகாரமும் செய்கிறது. வெப்பத்தடைப் பலகைக்கு உரிய இடம் இந்தப் புதுச் சுவரின் முதுகு. தண்ணீர் குடிக்காத எக்ஸ்.பி.எஸ். பலகையை ஓர் அங்குலத்துக்கு, சுவர் கட்டக் கட்ட வரிசைக்கு வரிசை, இடைவெளிப் பக்கமாக ஒட்டிக்கொண்டே வர வேண்டும். அப்போது தடுப்பு வெப்பமான பக்கத்தில் நிற்கிறது. மிச்சமிருக்கும் இரண்டு அங்குல இடைவெளிக்குச் சாலை மட்டத்துக்கு மேலே இரண்டு முனைகளிலும் வெளிக்காற்றுக்குத் துளைகள் வைத்துவிட்டால் பழைய சுவர் தன் பாட்டுக்குக் காய்ந்துகொண்டிருக்கும். கிளாஸ் வூல் இங்கே கூடவே கூடாது. ஈரம் பட்டால் தொய்ந்து, தடுக்கும் சக்தியையும் இழந்துவிடும்.

இவ்வளவு செய்தும் அறை குளுமையாகவில்லையென்றால் சுவரைக் குறை சொல்லாதீர்கள். மண்ணுக்குள் இருக்கும் பாகம் வெயிலே படாத பாகம். சில அடி ஆழத்தில் பூமியின் உஷ்ணம் நம் ஊரின் வருஷ சராசரியான 28, 29 டிகிரியை ஒட்டியே நிற்கும். மே மாதத்துப் பகலில் 40-ஐத் தொடும் காற்றோடு ஒப்பிட்டால் அது நமக்கு நண்பன். அனல் இறங்குவது கூரை வழியாக. எங்கள் ஷெட்டின் கான்கிரீட் கூரையில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தளம் போட்டு, தட்டோடு பதித்து, வெள்ளையடித்த பிறகுதான் ஏ.ஸி.க்கே மூச்சு வந்தது. பணம் அளவோடுதான் இருக்கிறதென்றால் அதை முதலில் கூரைக்குச் செலவழியுங்கள் என்பேன்.

தரையை உயர்த்துவதைப் பற்றியும் பலர் கேட்பார்கள். உயர்த்தலாம், ஆனால் வசிக்கும் அறைக்குத் தரையிலிருந்து கூரை வரை 2.75 மீட்டர் வேண்டுமென்றும், ஏ.ஸி. அறையானால் 2.4 மீட்டர் போதுமென்றும் விதி இருப்பதால், ஷெட்டின் தாழ்ந்த கூரையை அளந்து பார்த்துக்கொண்டு உயர்த்த வேண்டும். எங்களுக்கு ஓரடிதான் கிடைத்தது. வாசலில் இன்னும் இரண்டு படி இறங்கித்தான் ஆக வேண்டும்.

மின்சார வேலையை ஆரம்பிக்கும் முன் ஒரு வார்த்தை. பழைய சுவரில் இடுப்பளவுக்குக் கீழே இருந்த இரும்பு ஸ்விட்ச் பெட்டிகளைக் கழற்றியபோது, பாதி கையோடு உதிர்ந்து வந்தது. உப்பு ஓதம் ஏறிய சுவருக்குள் எந்தப் பெட்டியையும் புதைக்காமல், புதுச் சுவரில் நாலடிக்கு மேலே பிளாஸ்டிக் பெட்டிகளாக வைத்து, கசிவு மின்சாரத்தைக் கண்டதும் அறுக்கும் ஆர்.சி.சி.பி.யை அந்த அறைக்கென்றே தனியாகப் போடச் சொல்லுங்கள். எலக்ட்ரீஷியன், “மெயின்ல ஒண்ணு இருக்கு சார், அது போதும்” என்பார். அவர் சொல்வதைக் கேட்க வேண்டாம்.